மட்டாஞ்சேரி மாப்பிள்ளையும் மலையாற்றூர் மண்பாதையும்

நான் மட்டாஞ்சேரிக்குப் போனது மாப்பிள்ளை பார்க்க. சைக்கிள் ஓட்டுவதற்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் திரும்பி வந்ததிலிருந்து, கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு சைக்கிளைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள்.

கரூரில் எனக்குக் கண்ணாடிக் கடை. அக்கா மகள் ஷபானா பிசியோதெரபி படித்துவிட்டு திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெயர் அன்சர். தலைமுறைகளாக அந்த மலையாள ஊரில் தமிழ் பேசிக்கொண்டிருக்கும் குடும்பம், சுக்கு மிளகு வியாபாரம். பையன் மட்டும் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. ஷபானாவும் அவனும் போனில் ஒன்றிரண்டு முறை பேசியிருந்தார்கள். மச்சானுக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்பதால், பார்த்துவிட்டுப் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பஸ் ஏற்றிவிட வந்த ஷபானா, ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னாள். "வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட எல்லாரும் நல்லவங்கதான் மாமு. பசிக்கிறப்ப, களைச்சுப்போனப்ப அவர் எப்படி இருக்கார்னு பாத்துட்டு வாங்க. அது போதும்."

"அதை நான் எப்படிம்மா பாக்குறது? பையனை ரெண்டு வேளை பட்டினி போடுங்கன்னு சொல்லட்டா?"

பஸ் கிளம்பிவிட்டது. அவள் கையை ஆட்டினாள்.

சனிக்கிழமை மாலை மட்டாஞ்சேரியில் இறங்கியதும் எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. தெரு முழுக்க சுக்கு வாசனை. உள்ளூர்க்காரர்கள் அதை மோந்துகொண்டே மீன் வாங்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள், தூங்கவும் செய்கிறார்கள். அன்சரின் அத்தா ஹனீபா பாய் வாசலில் நின்று என்னை வரவேற்றார். நான் சலாம் சொல்லி முடிப்பதற்குள் ஐந்தாறு தும்மல் போட்டேன். "முதல் நாள் அப்படித்தான். ரெண்டாம் நாள் வாசனையே தெரியாது" என்றார்.

சாப்பாட்டைப் பற்றி என்ன சொல்ல? நெய்ச்சோறு, எருமைக் கறியில் செய்த போத்திறைச்சி, அரிசி மாவில் சுட்ட பத்திரி, மிளகாயில் மூழ்கிக் கிடந்த மீன். தட்டில் வெள்ளையாக ஒரு இடம் தெரிந்தால் போதும், யாராவது ஒருவர் கரண்டியோடு வந்துவிடுகிறார். அன்சர் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் கூடி போடட்டா மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அதைத் தவிர வேறு ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. பணிவு, சிரிப்பு, தலையாட்டல். இப்படிப்பட்ட பையனைப் பற்றி ஊருக்குப் போய் என்ன சொல்வது? பரிமாறத் தெரியும் என்றா?

அவன் கண்ணாடி கொஞ்சம் கோணியிருந்தது. தொழில் புத்தி விடவில்லை. கழற்றித் தரச் சொல்லி, காதில் மாட்டும் கம்பியை நெளித்து நேராக்கிக் கொடுத்தேன். அப்போதுதான் அவன் கொஞ்சம் இளகினான். எப்படிக் கோணியது என்று கேட்டேன். சைக்கிளிலிருந்து விழுந்தானாம்.

"எங்களுக்கு ஒரு சைக்கிள் குரூப் உண்டு மாமா. ஞாயிறு ஞாயிறு காட்டுப் பாதை, மண்பாதையில போவோம். நாளைக்கும் உண்டு. நான் போகல."

"மாமா வந்திருக்கும்போது சைக்கிளா?" என்று ஹனீபா பாய் முறைத்தார்.

எனக்கு ஷபானாவின் முகம் ஞாபகம் வந்தது. சைக்கிள் மிதித்தால் பசிக்கும். காட்டுக்குள் மிதித்தால் களைப்பும் வரும். "நானும் வர்றேனே" என்று சொல்லிவிட்டேன்.

கரண்டிகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. அன்சரின் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அன்சர்தான் சமாளித்தான். "ரிலாக்ஸ் ரைடுதான் அத்தா. போட்டி ஒண்ணும் இல்ல. மெல்லப் போவோம், சாயா குடிப்போம், வருவோம்."

ஞாயிறு சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் அன்சர் ஒரு கறுப்புக் கால்சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்பக்கம் பஞ்சு மெத்தை மாதிரி தடிமனாகத் தைத்திருந்தது. குழந்தைக்குக் கட்டிவிடுவது போல இருக்கிறதே என்று கூச்சப்பட்டு, மடித்துப் பெட்டிமேல் வைத்துவிட்டு, என்னுடைய சாதாரண பேண்ட்டிலேயே கிளம்பினேன். அந்த நாளில் நான் எடுத்த முடிவுகளிலேயே மோசமானது அதுதான் என்பது மத்தியானத்துக்கு மேல்தான் புரிந்தது.

சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போக, குரூப்பைச் சேர்ந்த பாபு சேட்டன் வேன் கொண்டுவந்தார். மற்ற நாட்களில் அது தோப்பும்படி ஹார்பரில் மீன் ஏற்றும் வண்டி. "நல்லா கழுவியாச்சு" என்றார். கழுவியது உண்மை. மீனுக்கு அது தெரியவில்லை. மட்டாஞ்சேரிப் பூனைகள் தெருமுனை வரை எங்களை வழியனுப்ப வந்தன.

குழுவுக்குப் பெயர் 'பதுக்கெ'. மலையாளத்தில் மெதுவாக என்று அர்த்தம். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். தலைவி ஆலீஸ் சேச்சி, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். வனத்துறையில் சொல்லி வைத்து, பாதை விசாரித்து, எல்லோருக்கும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அவர்தான். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு அன்சரிடம் ஏதோ கேட்டார். "ஊர்லேர்ந்து வந்த மாமா" என்று மட்டும் அவன் சொன்னான்.

மலையாற்றூர்ப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் இறங்கினோம். எனக்குக் கொடுத்த சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஸ்டாண்டு இல்லை. கேரியர் இல்லை. மட்கார்டு இல்லை, பெல்லும் இல்லை. எங்கள் ஊரில் திருட்டுப் போய்க் கிடைத்த சைக்கிள்தான் இப்படி இருக்கும். "நிறுத்தணும்னா எங்கே சாத்துறது?" என்று கேட்டேன். "மரத்துல, மாமா" என்றான் அன்சர். "மரம் இல்லேன்னா?" "தரையில படுக்க வெச்சிருவோம்." வண்டியைப் படுக்கப் போடும் ஊர்.

சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டுவது என்பது, பொரி மூட்டைமேல் நடப்பது போல. ஒவ்வொரு கல்லும் சக்கரத்துக்கு அடியில் தனியாக ஒரு யோசனை வைத்திருக்கிறது. ஆனால் காலை வெயில் இதமாக இருந்தது. ஒரு பக்கம் வாய்க்கால் தண்ணீர், மறுபக்கம் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் பால் வடிய ஒரு சிரட்டை. கொஞ்ச தூரத்தில் எனக்கும் தைரியம் வந்தது. அப்போது முன்னால் போன ஆலீஸ் சேச்சி திரும்பி, "கயற்றம்!" என்று கத்தினார்.

கயிறு கட்டியிருக்கிறார்கள் போல என்று நினைத்து இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் தப்பித்தது அல்லாஹ் கிருபை. மலையாளத்தில் கயற்றம் என்றால் ஏற்றமாம். கயிறு எங்கே கயிறு எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு மேடு நின்றுகொண்டிருந்தது.

மேட்டை இறங்கித் தள்ளித்தான் கடந்தேன். அந்தப் பக்கம் இறக்கத்தில் ஒரு சர்ச். பூசை முடிந்து குடும்பம் குடும்பமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிமிர்ந்ததுதான் தப்பு. கை பிரேக்கை இறுக்கியதில் சைக்கிள் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. எந்த அவசரமும் இல்லாமல், எல்லோரும் பார்க்கும்படியாக, பக்கவாட்டில் சாய்ந்து ஈரமண்ணில் படுத்தேன். அன்சர் தன் வண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தூக்கினான்.

வெள்ளைச் சட்டையும் வேட்டி போல முண்டும் உடுத்திய ஓர் அம்மா குடையோடு வந்து குனிந்து பார்த்தார். "இவருக்கு ஓட்டத் தெரியலையே, எதுக்கு மோனே கூட்டிட்டு வந்தே?" என்று அவனிடம் கேட்டதை அவனே பிறகு எனக்குத் தமிழில் சொன்னான். பதற்றத்தில் அவன் உண்மையைச் சொல்லிவிட்டான்: "எனக்குப் பாக்குற பெண்ணோட மாமா இவரு."

அந்த அம்மா உடனே தன் கைக்குட்டையை எடுத்து என் முழங்கையைத் துடைக்க ஆரம்பித்தார். "அப்ப நல்லா துடைச்சு விடணும்" என்றார். சர்ச் வாசல் முழுக்கச் சிரிப்பு. எங்கள் குழுவுக்கும் அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் தனியாக ஓட்டும் பாக்கியம் இல்லை. பாராளுமன்றத் தேர்தல் மாதிரி, ஒவ்வொருவராக என் பக்கத்தில் சைக்கிளைக் கொண்டுவந்து பிரசாரம் செய்தார்கள். மழையில் கழன்ற தன் சைக்கிள் செயினை மாட்டிக் கொடுத்தான் என்றார் ஒருவர். தன் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கூடவே இருந்தான் என்றாள் ஒரு பெண். காலைச் சாப்பாட்டுக்கு நின்ற கடையில் பாபு சேட்டன், கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன் கறியும் என் இலையில் அள்ளி வைத்துவிட்டு, "பையன் தங்கம். வழி மட்டும் கேக்காதீங்க" என்றார். அன்சர் காது சிவந்து, பழம்பொரியைத் தின்றுகொண்டிருந்தான். அது நம் ஊர் பஜ்ஜிதான், உள்ளே பழுத்த வாழைப்பழம். எனக்கு ஒன்று போதவில்லை.

காட்டுக்குள் நுழையும் முன் ஆலீஸ் சேச்சி எல்லோரையும் நிறுத்தினார். இங்கே ஆனை நடமாட்டம் உண்டு, யாரும் தனியாகப் பிரியக்கூடாது, ஆனை இருப்பது தெரிந்தால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். பாட்டு வேண்டாம், ரீல்ஸ் எடுக்க வேண்டாம். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினோம்.

தேக்குக் காடு. சருகு ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். சக்கரம் ஏறும்போதெல்லாம் அப்பளம் நொறுங்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் நான் பின்தங்கினேன். எனக்காக அன்சரும் பின்தங்கினான். முன்னால் போனவர்கள் ஒரு வளைவில் மறைந்தார்கள். அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. ஆலீஸ் சேச்சி வைத்துவிட்டுப் போன அடையாளம் ஏதாவது இருந்திருக்கும். நாங்கள் பார்க்கவில்லை.

"இதுல போனா சீக்கிரம் பிடிச்சிரலாம்" என்று அன்சர் இடது பக்கம் காட்டினான். பாபு சேட்டன் சொன்னது எனக்கு ஞாபகம் வரத்தான் செய்தது. ஆனால் வருங்கால மாப்பிள்ளையின் முதல் யோசனையையே மறுப்பது மரியாதை இல்லை என்று அவன் பின்னாலேயே மிதித்தேன்.

பாதை குறுகியது. பிறகு இன்னும் குறுகியது. பிறகு அது பாதையாக இருப்பதையே நிறுத்திக்கொண்டது. போனில் சிக்னல் இல்லை. திரும்பினோம், வேறொரு பாதை வந்தது. அது நாங்கள் வந்த பாதை இல்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கப்பையும் மீனும் எப்போதோ கரைந்துபோயிருந்தன.

"இது சரியான வழிதானா?" என்று கேட்டேன். "சரிதான் மாமா." கொஞ்ச தூரம் போனதும், "வலது பக்கம் போயிருக்கலாமோ?" என்றேன். "இல்ல மாமா." "அந்தப் பெரிய மரத்தை முன்னாடியே பாத்தோமே?" அவன் இன்னும் வேகமாக மிதித்தான். "யாரையாவது கூப்பிட்டுப் பாக்கலாமா?"

அன்சர் சைக்கிளை நிறுத்தினான். "மாமா, ஒரு நிமிஷம் ஒண்ணு மிண்டாதிரிக்குமோ!" என்று கத்தினான்.

கொஞ்சம் பேசாமல் இருக்கிறீர்களா என்று அர்த்தம். கோபம் வந்ததும் பையனுக்குத் தமிழ் போய்விட்டது. எனக்குச் சுருக்கென்றது, அதே சமயம் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. இந்தக் குரலைக் கேட்கத்தானே இத்தனை தூரம் வந்தேன்!

அவன் ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்தான். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினான். "ஸாரி மாமா. பசிச்சா நான் இப்படித்தான். மோசம். ஷபானாகிட்ட சொல்லிக்கோங்க, பொய் இல்ல."

"வழி?"

"அதுவும் தெரியல. முதல்லயே தெரியல. உங்க முன்னாடி சொல்ல நாணமா இருந்துச்சு."

நேற்று முழுக்கக் கரண்டியோடு உட்கார்ந்திருந்த பையனைவிட இவனை எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தபோதுதான் அவன் காலடிக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தேன். சாணம். ஒரு கூடை கவிழ்த்தது போலக் குவியல். இன்னும் ஈரமாக இருந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்தோம். அப்போது பின்னால் மூங்கில் புதருக்குள் படபடவென்று கிளைகள் ஒடிந்தன.

"ஆனை! ஓடுங்க மாமா!" என்று கத்திவிட்டு அன்சர் ஓடினான். சத்தமில்லாமல் திரும்ப வேண்டும் என்று காலையில் தலையாட்டியவன், சைக்கிளையும் மறந்து, என்னையும் மறந்து, காடே அதிரக் கத்திக்கொண்டு ஓடினான்.

நான் ஓடவில்லை. என் கால்கள் என்னைக் கேட்காமலே சைக்கிளில் ஏறிவிட்டன. இறக்கம். காலையிலிருந்து என் பேச்சைக் கேட்காத வண்டி அப்போது கேட்டது. கல், வேர், சருகு எதுவும் தெரியவில்லை. சற்று தூரத்திலேயே அன்சரைப் பிடித்துவிட்டேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மாப்பிள்ளை பார்க்க வந்தவன் மாப்பிள்ளையைத் தாண்டிப் போய்விட்டேன்.

பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "போங்க மாமா! நிக்காதீங்க, போய்க்கிட்டே இருங்க!"

நிற்கும் உத்தேசம் எனக்கு இருந்ததில்லை. செயின் கழன்றதால் நின்றேன். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது அன்சர் வந்து சேர்ந்தான். ஒரு காலில் ஷூ இல்லை. நான் நேராக்கிக் கொடுத்த கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. என் கையைப் பிடித்து இழுத்து ஒரு தேக்கு மரத்துக்குப் பின்னால் நிறுத்தி, எனக்கு முன்னால் நின்றுகொண்டான். கிளை ஒடியும் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன். கல்யாணச் சாப்பாடு சாப்பிடாமலே போகப்போகிறோமே என்றும் நினைத்தேன்.

"அன்சரே! மாமா!" என்றது ஆனை.

ஆலீஸ் சேச்சி, தோளில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, மூங்கிலை ஒடித்து ஒதுக்கியபடி வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் கையில் அன்சரின் ஷூ. எங்களைக் காணோமென்று தேடி வந்திருக்கிறார்கள்.

"ஆனைன்னு நெனச்சோம் சேச்சி" என்றான் அன்சர், மரத்துக்குப் பின்னாலிருந்தபடியே.

"என்னைப் பாத்து ஓடின ஆம்பளைங்கள்ல நீங்க முதல் ஆளு இல்ல" என்றார் அவர்.

ஆனால் நாங்கள் சாணத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் முகத்தில் சிரிப்பு நின்றது. மேலே போய் அன்சரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தவர், "கொஞ்சம் முன்னாடிதான் போயிருக்கு. யாரும் பேசாம வாங்க" என்றார். வண்டிகளைத் தள்ளிக்கொண்டு, ஒருவர் பின்னால் ஒருவராக நடந்தோம். அதுவரை காடு எனக்கு ஒரு பெரிய பூங்காவாகத்தான் தெரிந்தது. அந்த நடையில்தான் அது வேறு யாருடைய வீடோ என்று தோன்றியது.

ஆற்றங்கரையில் ஒரு வீட்டில் மத்தியானச் சாப்பாடு சொல்லி வைத்திருந்தார்கள். சோறும் மீன் குழம்பும் வந்ததும் எல்லோரும் கதை கேட்டார்கள். அன்சரே சொன்னான். வழி தெரியாமல் அழைத்துக்கொண்டு போனது, என்மேல் கத்தியது, சாணத்தைப் பார்த்ததும் என்னை விட்டுவிட்டு முதலில் ஓடியது. ஒன்றையும் மறைக்கவில்லை. ஷூ இல்லாமல் ஓடியதை எழுந்து நடித்தே காட்டினான். எல்லோரும் இலையைத் தட்டிச் சிரித்தார்கள். அடுத்து என் பங்கு வரும் என்று நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அது வரவில்லை. "மாமா அந்தப் பக்கம் எனக்காகக் காத்து நின்னார்" என்று முடித்துவிட்டு, இன்னொரு துண்டு மீன் கேட்டான்.

மாலை மட்டாஞ்சேரிக்கு வந்து, படகுத் துறைப் பக்கம் நின்றுகொண்டு ஷபானாவைப் போனில் கூப்பிட்டேன்.

"பசிச்சா கத்துறார், வழி தெரியாது, ஆனைக்குப் பயந்து உங்களை விட்டுட்டு ஓடினார்" என்று அவளே ஆரம்பித்தாள்.

"யார் சொன்னது?"

"அவர்தான். நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்னு அரை மணி நேரத்துக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கார். அவருக்குத் தமிழ் எழுத வராதில்ல." பிறகு அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. "உங்களை விட்டுட்டு ஓடினதுதான் மாமு யோசனையா இருக்கு. நீங்க அப்ப என்ன பண்ணீங்க?"

படகு ஒன்று ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. காத்து நின்றேன் என்று சொல்லலாம். அதற்குச் சாட்சி சொல்லவும் ஆள் இருக்கிறது.

"நான் சைக்கிள்ல அவனைத் தாண்டிப் போயிட்டேம்மா. பாத்தும் நிறுத்தல. அவன்தான் பின்னாலேர்ந்து, நிக்காதீங்க, போங்கன்னு கத்தினான்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது, அடங்கவே இல்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "மாமு, அதை அவர் சொல்லவே இல்லை."

இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு, "சரின்னு சொல்லிடுங்க" என்றாள்.

திங்கள் காலை கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஹனீபா பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இருப்பதிலேயே நல்ல நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். டீப்பாயில் சாயாவும் அல்வாவும். "உக்காருங்க" என்றார்.

"பரவாயில்ல பாய்."

"உக்காந்து பேசலாமே."

"நிக்கிறேன் பாய்."

அவர் முகம் வாடியது. அன்சரின் அம்மா கதவோரத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்ல உக்கார உங்களுக்கு மனசில்லையா?" என்று ஹனீபா பாய் மெதுவாகக் கேட்டார். வலிக்கிற இடத்தை எப்படிச் சொல்வது? பெரிய மனிதர்கள் இருக்கும் சபை. அன்சர் அத்தாவின் காதருகே குனிந்து, பெட்டிமேல் நான் மடித்து வைத்த கறுப்புக் கால்சட்டையைப் பற்றி ஏதோ சொன்னான். அவர் என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"பாய், பெண் வீட்டுல எல்லாத்துக்கும் சம்மதம்" என்றேன். "உக்காருறதுக்கு மட்டும்தான் சம்மதமில்லை."